கட்டைவிரலால் படித்த கோடு

நீலம் எந்தச் சொட்டில் போகிறது என்று என்னால் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. குடுவைக்குள் அடர்ந்து நிற்கும். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழும். விழுந்த இடம் கொஞ்சம் வெளிறும், பிறகு பழையபடி மூடிக்கொள்ளும். இன்னொரு சொட்டு, இன்னொன்று. நாம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது நீலம் மொத்தமும் போய், குடுவையில் வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று நிற்கும். தூக்கம் வருவதும் அப்படித்தான். எந்த நொடியில் வந்தது என்று தூங்கினவனுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் பல நாள் தூங்கிப் போயிருக்கிறேன். உட்கார இடம் கிடைத்தால் போதும், இந்த உடம்புக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

துணி வெளுக்கும் ஆலையில், மூன்றாம் தொட்டியில் எனக்கு வேலை. தறியிலிருந்து வந்த துணி பழுப்பாக, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, முடிவே இல்லாமல் ஒரு பக்கத்திலிருந்து வரும். தொட்டியில் இறங்கி, பிளீச்சிங் நீரில் சுற்றிச் சுற்றி நீந்தி, மறுபக்கம் வெள்ளையாக ஏறிப் போகும். பக்கத்துச் சலவைத் தொட்டியின் வெந்நீர் ஆவி எந்நேரமும் எங்கள்மேல் கவிந்திருக்கும். அந்தப் புகைக்குள் துணி வருவதும் போவதும் ஆற்றங்கரையில் நின்று ஆற்றைப் பார்ப்பது போல இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் துணி நின்றுவிடும், நாம் நகர ஆரம்பித்துவிடுவோம்.

துணி போகப் போகத் தொட்டி நீரின் பலத்தைத் தின்றுகொண்டே போகும். அதனால் மணிக்கு ஒரு தடவை, ஒரு சின்னப் பாட்டிலில் தொட்டி நீரைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சோதித்து, டிரம்மில் இருக்கும் கெட்டி நீரை எத்தனை வாளி ஊற்றலாம் என்று சொல்வார்கள். கம்மியாக ஊற்றினால் துணி மஞ்சளடித்துப் போகும். கூடப் போனால் நூல் செத்துவிடும்.

தொட்டிக்குப் பொறுப்பு என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பொறுப்புப் பலகையில் அவர் பெயர்தான் இருக்கும். நான் அவருக்குக் கையாள். அவருக்கு எழுத்து தெரியாது. எனக்கு முப்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதற்காக என்னை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

"படிச்ச மாப்ள வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்பார், நான் பாட்டிலோடு போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம். எந்திரித்து நிற்க அங்கே அவரைத் தவிர ஆள் கிடையாது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எந்திரிப்பார். மூட்டை முற்றத்தில் மூன்று வருஷம் பேல் என்கிற துணிக்கட்டுகளைத் தூக்கிய முதுகு அது. அங்கிருந்து ஒரு நாள் நாலு பேராகச் சேர்ந்து அவரைத் தூக்கி வந்தார்கள். இன்னொரு தடவை அந்த முற்றத்துக்குப் போனால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டி வேலை கிடைத்ததால்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒரே மாதத்தில் இரண்டு லாட் துணி மஞ்சளாகிவிட்டது என்று திரும்பி வந்தது.

எங்கள் சூப்பர்வைசரைப் 'பேனா' என்று சொல்வோம். சட்டைப் பையில் மூன்று பேனா, காதில் ஒன்று. எது நடந்தாலும் "இதை நான் எழுதணும்" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. எழுதாமல் இருக்கத் தெரியாத மனுஷன். அவர் வந்து தொட்டி ஓரம் நின்றார்.

"ரெண்டு எழுதிட்டேன். மூணாவது எழுதற மாதிரி வச்சுக்காதீங்க. மூணாவது வந்தா தொட்டி ஆளை முற்றத்துக்கு மாத்தணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க."

"நாங்க என்ன சார் பண்றது?" என்றார் மச்சான். "பாட்டில் போயி கணக்கு வர்றதுக்குள்ள அரை மணி ஆகுது. துணி நிக்குமா? அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. கணக்கு வர்ற நேரத்துக்கு இங்க வெறும் தண்ணிதான் இருக்கு."

"அது எனக்கும் தெரியும். ஆனா அதை எழுத இடமில்ல" என்று பேனா போய்விட்டார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் முற்றத்துக்குப் போகக் கூடாது." அவளும் அதே ஆலையில்தான், துணி பார்க்கும் மேசையில். திரும்பி வந்த இரண்டு லாட்டும் அவள் கை பட்டுப் போனவைதான்.

*

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு ஆள்தான், ஒரு பெண். முப்பது வயது இருக்கும். எப்போதும் வாய்க்குள் பெருக்கிக்கொண்டே இருப்பதால் அவருக்குக் கணக்கம்மா என்று பெயர். ஆறு தொட்டி, ஆறு பாட்டில், அத்தனைக்கும் அவர் ஒருத்திதான்.

அவர் சோதிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தொட்டி நீரில் பத்து மில்லி எடுத்துக் குடுவையில் விடுவார். ஒரு சிட்டிகை உப்பு மாதிரி ஒன்று, கொஞ்சம் அமிலம் சேர்ப்பார். உடனே டீ நிறமாகும். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்து சொட்ட, டீ வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போது கஞ்சி மாதிரி ஒன்றை விடுவார். குபீரென்று நீலம். அப்புறம் சொட்டுச் சொட்டாக அந்த நீலம் போகும்வரை விடுவார். போனதும் குழாயில் எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். எட்டு இறங்கினால் தொட்டி சரியாக இருக்கிறது. எட்டுக்குக் கீழே எவ்வளவோ, அவ்வளவு பலம் குறைவு.

இதெல்லாம் ஐந்து நிமிஷம்தான். அதன் பிறகுதான் பெருக்கல். மருந்தின் பலத்தால் பெருக்கு, எதனாலோ வகு, வேண்டியதிலிருந்து கழி, தொட்டியில் இருக்கும் லிட்டரால் பெருக்கு, டிரம்மின் பலத்தால் வகு. அப்புறம் சரியா என்று முதலிலிருந்து இன்னொரு தடவை. அதற்குள் அடுத்த தொட்டிக்காரன் வாசலில் நிற்பான். நான் பெஞ்சில் கண்ணை மூடுவேன். அவர் முணுமுணுப்பு மழைச் சத்தம் போலக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பேனா வந்துபோன மறுநாள், அந்த மழைக்குள் ஒரு மாடிப்படி தெரிந்தது. ஆவியிலிருந்து இறங்கி வருகிற படி. ஏழு என்றார் கணக்கம்மா, நாலரைக்குக் கொஞ்சம் கம்மி என்றார். நான் ஒரு படி இறங்கினேன். அது போன வாரத்துக் குரல். ஆறு, கிட்டத்தட்ட ஒன்பது. இன்னொரு படி. ஐந்து, பதிமூன்று. காலை வைக்கும் ஒவ்வொரு இடமும் ஒரே ஆழத்தில் இருந்தது. இருட்டில் கூட இறங்கலாம் போல இருந்தது. பயமே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனேன்.

"அண்ணே, விழுந்திரப் போறீங்க."

கண்ணைத் திறந்தேன். பெஞ்சின் ஓரத்துக்கு வந்திருந்தேன்.

"எல்லாப் படியும் ஒரே உயரம்மா" என்றேன்.

"எந்தப் படி?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் சொன்னேன். "இல்ல... குழாயில ஒண்ணு குறைஞ்சா நாலரைக்குக் கொஞ்சம் கம்மியா வாளி கூடுது. இன்னும் ஒண்ணு குறைஞ்சா இன்னும் அதே அளவு கூடுது. எப்பவுமே அப்படித்தான் சொல்றீங்க. தெரிஞ்ச படிதானே, ஒவ்வொரு தடவையும் எதுக்கு அளக்கணும்னு..."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அய்யோ" என்றார். "படிக்கும்போது வரைபடமா போட்டுத் தள்ளியிருக்கேண்ணே. பரீட்சை முடிஞ்சதும் அதெல்லாம் பரீட்சைக்குத்தான்னு விட்டுட்டேன். நாலு வருஷமா இங்க உக்காந்து ஒரே பெருக்கலைப் பெருக்கிட்டிருக்கேன்!"

மேசை இழுப்பறையைக் கிளறி ஒரு கட்டம் போட்ட தாள் எடுத்தார். கீழே குறுக்காகக் குழாயின் மில்லி, பக்கத்தில் மேல்நோக்கி வாளி. எட்டு மில்லி என்றால் வாளி வேண்டாம், அங்கே ஒரு புள்ளி. ஒன்றுமே இறங்காவிட்டால் முப்பத்தைந்து வாளி, மேலே அங்கே ஒரு புள்ளி. ஸ்கேலை வைத்து இரண்டையும் சேர்த்தார். நடுவில் நாலு மில்லிக்கு மட்டும் பழைய மாதிரிக் கணக்குப் போட்டு ஒரு புள்ளி வைத்தார். அது கோட்டின்மேலேயே உட்கார்ந்தது. தொட்டி முக்காலாக இருக்கும்போது ஒரு கோடு, பாதியாக இருக்கும்போது ஒரு கோடு. மூன்று கோடும் எட்டாம் எண்ணில் வந்து ஒரே இடத்தில் படுத்துக்கொண்டன.

"இவ்வளவுதான்" என்றார். "நீலம் போனதும் நம்பரைப் பாருங்க. அங்கேருந்து நேரா மேல போங்க. கோடு வந்ததும் இடது பக்கம் திரும்புங்க. அங்க எத்தனை வாளின்னு எழுதியிருக்கும்."

வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அது வழியாகத்தான் தெரிந்தது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற ஒரு மண்பாதை மாதிரி.

அந்த வாரமே மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, ஒரு பியூரெட்டும் குடுவைகளும் வைத்தார்கள். சொட்டு விடக் கணக்கம்மா எனக்குப் பழக்கினார். தாளைக் கண்ணாடிக் காகிதத்தில் போட்டுச் சுவரில் ஒட்டினார். அரை மணி வேலை ஆறு நிமிஷமாகிவிட்டது.

"என்ன மாப்ளே, சுவத்துல கோடு கிழிச்சு ஜோசியம் பாக்குறியா?" என்றார் மச்சான்.

"பாருங்க மச்சான், அஞ்சரை. நேரா மேல. பதினோரு வாளி."

"அது சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"கிரகம் எம்மேல கோபமா இருக்கான்னு கேளு."

ஆனால் ஊற்றினார். அரை மணி கழித்துச் சோதித்தபோது எட்டு வந்தது. மறுமணி ஊற்றினார், எட்டு வந்தது. நாலு நாள் கழித்து அவரே, "ஏய், ஜோசியம் பாத்தியா இல்லையா, துணி ஓடுது" என்று அதட்டினார். துணி பார்க்கும் மேசையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் என் மனைவி அண்ணன் டப்பாவைத் திறந்து, அவர் கேட்காமலே இரண்டாம் தடவை போட்டாள்.

*

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்கு அந்தத் தாளில் எழுதியிருந்த எண்கள் தெரியவில்லை.

எண் தெரியும். படிக்கவும் தெரியும். கண்தான் ஒத்துழைக்கவில்லை. நெருக்கமான சின்னக் கட்டங்கள் அந்த ஆவியில் புழு மாதிரி நெளியும். பியூரெட் எண்கள் பெரியவை, குழாய்க்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தால் தெரிந்துவிடும். தாளின் கீழ்ப்பக்கமும் பிரச்சினை இல்லை. தடித்த கோடு ஒவ்வொன்றும் ஒரு மில்லி, எண்ணிக்கொண்டு போனால் போதும். ஆனால் பக்கவாட்டில் நாற்பது வாளிக்கு நாற்பது மெல்லிய கோடு. பதினொன்றா பதிமூன்றா என்று மூக்கை ஒட்டினாலும் பிடிபடாது.

கணக்கம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்புவரை கைநாட்டு வைத்தவன் நான். 'இவனுக்குப் படிக்க வரவில்லை' என்று அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டால்? அதனால் பேல் கட்டும் மரச் சட்டத்திலிருந்து ஒரு பட்டைக் குச்சியை எடுத்தேன். ஒரு மதிய வேளையில் தாளின் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் கண்ணை இடுக்கி, வாளிக்கு ஒரு வெட்டு, ஐந்துக்கு ஒரு ஆழமான வெட்டு என்று கத்தியால் கீறினேன். நாற்பது வெட்டு.

பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. நீலம் போகும். நம்பரைப் பார்ப்பேன். அந்த இடத்தில் குச்சியை நிமிர்த்தி வைப்பேன். சாய்ந்த கோடு குச்சியில் வந்து முட்டும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகளைத் தடவி இறங்குவேன். ஒன்று, இரண்டு, அப்புறம் ஐந்து, பத்து. பன்னிரண்டு. கண்ணை மூடினபடி எண்ணுவது எவ்வளவு சுகம் தெரியுமா? அந்த நேரத்துக்கு உலகத்தில் ஆவியும் இல்லை, சத்தமும் இல்லை. விரலுக்கடியில் ஒரு பாதை மட்டும் இருக்கும். அதில் நான் சின்னதாக நடந்துகொண்டிருப்பேன். சில சமயம் பாதை ஓரத்தில் புல் கூட இருக்கும்.

மச்சான் குச்சியைப் பார்த்தார். பார்த்தும் கேட்கவில்லை. அதுவும் ஜோசியத்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்.

அப்போது புது டிரம்கள் வந்தன.

"அண்ணே, இந்தச் சரக்கு பழசை விடக் கொஞ்சம் பலம் கம்மி" என்றார் கணக்கம்மா. "வாளி கூடத்தான் வரும். புதுக் கோடு போட்டுட்டேன். வார லீவு முடிஞ்சு வரும்போது புதுத் தாள் சுவத்துல இருக்கும்."

இருந்தது. ஆவிக்குள் அது கொஞ்சம் கிட்டத்தில் நிற்பதுபோல இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

நான் தாளில் மூக்கை ஒட்டுவதை அவர் எப்போதோ பார்த்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று, கோடு மாறுகிற சாக்கில் தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி ஒட்டிவிட்டார். ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. எண்கள் எல்லாம் நன்றாகக் கொழுத்து நின்றன. நான் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குத்தான் குச்சி இருக்கிறதே.

லீவு நாள் முழுக்கச் சும்மா கிடந்ததில் தொட்டி நீர் வீணாகப் போயிருந்தது. நீலம் இரண்டிலேயே போய்விட்டது. குச்சியை நிமிர்த்தினேன். கோடு கடைசி வெட்டுக்கே ஏறியிருந்தது.

"நாப்பது வாளி மச்சான்."

"நாப்பதா?"

"டிரம்மு புதுசு. பலம் கம்மியாம். கூடத்தான் வரும்னு அம்மாவே சொன்னாங்க."

மச்சான் ஊற்ற ஆரம்பித்தார். நான் டிரம்மில் மொண்டு கொடுக்க, அவர் வாங்கிக் குனியாமல் விளிம்பில் சாய்ப்பார். முப்பதாவது வாளியில் நிறுத்தினார்.

"மாப்ளே, கண்ணு எரியுது."

"எப்பவும் எரியறதுதானே."

"இது வேற எரிச்சல். போதும்னு படுது."

"கோடு நாப்பதுங்குது மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பதினைந்து வருஷம் அந்த வாடைக்குள் நின்ற கண். ஒரு மாதம் முன்பு என்றால் 'போடா, நீயும் உன் கோடும்' என்றிருப்பார். துணி வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்த இத்தனை நாளில் அவர் என்னை நம்பத் தொடங்கிவிட்டார்.

"சரி, நீ படிச்சவன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

மீதி பத்தையும் ஊற்றினார்.

ஊற்றி அரை மணியில் மறுபடி சோதிக்க வேண்டும். அது விதி. இத்தனை நாளும் பார்க்கப் பார்க்க எட்டுதான் வந்தது. அன்றைக்கு நாற்பது வாளி மொண்ட தோள் கனத்தது. தூணில் சாய்ந்தேன். துணி ஓடிக்கொண்டிருந்தது, வெள்ளையாக, இதுவரை பார்த்திராத வெள்ளையாக. பனி பெய்த இடம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அந்த வெள்ளையின்மேல் யாரோ சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

என் மனைவிதான்.

துணி பார்க்கும் மேசையை விட்டு அவள் இங்கே வந்ததே இல்லை. கையில் ஒரு முழத் துணி. மூச்சு வாங்கியது.

"அண்ணே, என்னத்த ஊத்துனீங்க?"

அவள் துணியை இரண்டு கையிலும் பிடித்தாள். இழுக்கக் கூட இல்லை, விரலால் லேசாக அழுத்தினாள். ஈரக் காகிதம் போல விட்டுவிட்டது.

"பேனாகிட்ட காட்டல. மொதல்ல இங்கதான் வந்தேன்" என்றாள். "ஆனா காட்டாம இருக்க முடியாது. எம் பக்கத்து மேசைக்கும் இதே துணிதான் போயிருக்கு."

நான் பாட்டிலைப் பிடித்தேன். மருந்து சொட்டச் சொட்ட நீலம் போக மறுத்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. அடர்ந்தபடியே நின்றது. பத்தில்தான் போனது. எட்டைத் தாண்டினால் தாளில் கோடே கிடையாது. பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வெறும் கட்டங்கள்.

மச்சான் துணி ஓட்டத்தை நிறுத்தினார். அத்தனை நாளில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் சத்தம் இல்லை.

கணக்கம்மா ஓடி வந்தார். தாளைப் பார்த்தார். "ரெண்டு... இருபத்தொன்பது. இருபத்தொன்பதுதானே? பெருசாத்தான் போட்டிருக்கு. நாப்பது எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

நான் குச்சியை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டுகளைத் தடவினார். தாளின் பக்கத்தில் வைத்தார். குச்சியில் நாற்பது இருந்த இடத்தில் தாளில் இருபத்தொன்பதுக்குக் கிட்ட இருந்தது. யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு அந்தச் சின்ன நம்பர் தெரியலம்மா" என்றேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சானும்.

"அது எனக்குத் தெரியும்ணே. அதுக்காகத்தான் பெருசாக்கினேன்" என்றார் கணக்கம்மா. அவர் முகம் அழுவதுபோல ஆகிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு..."

பேனா வந்தார். வரும்போதே காதிலிருந்த பேனாவை எடுத்துவிட்டார்.

"யாரு?"

"நான்தான் சார்" என்றேன். "குச்சி வச்சு அளந்தேன். மறுபடி சோதிக்கவும் இல்ல."

"இல்ல சார், தாளை மாத்தினது நான். அளவு மாறியிருக்குன்னு சொல்லல" என்றார் கணக்கம்மா.

"ஊத்துனவன் நானு" என்றார் மச்சான். "முப்பதுல கண்ணு சொல்லிச்சு. கேக்கல. பலகையில எம் பேருதான் இருக்கு. எழுதிக்குங்க."

பேனா மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எப்பவும் யாருமே இல்லேம்பீங்க. இன்னிக்கு மூணு பேரு! எனக்கு இதுல ஒரு கட்டந்தான்யா இருக்கு" என்று காகிதத்தைக் காட்டினார். "ஒரு பேருதான் எழுத முடியும்."

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் எதைச் சொல்வாளோ, எதைச் சொல்லாமல் இருப்பாளோ.

"சார், தொட்டி ஆளை மாத்தணும்னுதானே உத்தரவு? நானும் தொட்டி ஆள்தான்" என்றேன். "தப்பு குச்சியில நடந்துச்சு. குச்சி என்னுது. முற்றத்துக்கு நான் போறேன். எம் பேரை எழுதுங்க, எழுத்துப் பிழை இல்லாம நானே சொல்றேன்."

"நீ சும்மா இரு" என்று மச்சான் கத்தினார். "எம் முதுகு போனா எம் முதுகு! அதுக்கு நீ எதுக்கு? உனக்கு உக்காந்தா தூக்கம், நின்னா தூக்கம். அங்க பேல் தலைமேல விழுந்து சாவியா?"

"உங்களைத் தூக்கிட்டு வர அன்னிக்கு நாலு பேரு கெடச்சாங்க மச்சான். இப்ப முற்றத்துல ஆளே இல்ல. யாரு தூக்குறது?"

பேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, சிரிக்காமல், "நாளைலேருந்து" என்றார்.

*

முற்றம் வறண்ட இடம். ஆவி கிடையாது. எல்லாம் அதனதன் அளவில், அதனதன் இடத்தில் தெளிவாக நிற்கும். அதுவே எனக்கு முதலில் பயமாக இருந்தது. பேல் ஒன்றுக்கு இரண்டு ஆள். கொக்கி போட்டு, முட்டியை மடக்கி, ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்ற வேண்டும். முதல் நாள் பதினொரு மணிக்கே என் கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. மதியம் ஒரு பேல்மேல் சாய்ந்தேன். உள்ளே மடித்து வைத்த வெள்ளைத் துணியின் வாசனை, வெயிலில் காய்ந்த நீரின் வாசனை. கண் மூடியதுகூடத் தெரியவில்லை.

கணக்கம்மா குச்சியை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எட்டாம் நம்பரிலிருந்து மேலே, சாய்ந்த கோட்டின்மேலேயே, வாளி எண்ணிக்கைக்குப் பதிலாக வட்டம் வட்டமாகப் புள்ளி குத்தி, ஐந்துக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாராம். எழுத்து தெரியாதவரும் எண்ணலாம். நாற்பது நாள் ஆகிறது, மச்சான்தான் சொட்டு விடுகிறார். புது கையாள் மொண்டு கொடுக்கிறான். அரை மணிச் சோதனையைத் தவறவிடுவதில்லையாம். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

நேற்று சாயங்காலம் மூன்று பேரும் வழக்கம்போல ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். அவள் நடுவில். ஒரு பக்கம் நான், தோளில் கொக்கி போட்ட தழும்போடு. மறுபக்கம் அவர், கண் சிவந்து. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. வானம் அந்தக் குடுவை நீலத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"ஏய்" என்றார் மச்சான், அவளைப் பார்த்து. "உன் வீட்டுக்காரன்கிட்டக் கேளு. நாலே முக்காலுன்னா எத்தனை வாளி?"

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை மூடினேன். காலடியில் தெரு போய்க்கொண்டிருந்தது. "பதினஞ்சரை" என்றேன்.

"பதினாறு ஊத்தினேன்" என்றார்.

"அரை கூடப் போச்சு மச்சான்."

"போனா போகுது, எட்டுதான் வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "எட்டு வந்துச்சு மாப்ளே. நான் பாத்துட்டிருக்கும்போதே நீலம் போச்சு. எந்தச் சொட்டுல போச்சுன்னே தெரியல."

"அது தெரியாது மச்சான்."

அவர் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். மாட்டினார். சுவரைப் பிடித்தபடியே, தானாகவே நிமிர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி என் தோளின் தழும்பில், சட்டைக்கு மேலேயே, கையை ஒரு நிமிஷம் வைத்து எடுத்தாள்.

"என்ன வேடிக்கை? நடங்க" என்றார் மச்சான்.